எல்லாக் கேஸும் எடுக்கிற வக்கீல் ஆபீஸ் சரிப்படுமா?

2025 மே 5, காலை. அவிநாசி வாசகரின் கேள்வி

தாராபுரம், காங்கேயம், பெருந்துறை மாதிரி ஊர்களில் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். செக் கேஸ், விவாகரத்து, பூமித் தகராறு, ஆக்சிடென்ட், ஜாமீன், வாடகை என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். பல் டாக்டரே கண் ஆபரேஷனும் செய்கிற கதை. எங்கள் வீட்டிலும் ஒரு விஷயம் ஓடுகிறது. கோயம்புத்தூரில் அந்தந்தக் கேஸுக்கென்று இருக்கிற ஆளிடம் போவதுதான் புத்தி என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மே 5, இரவு

பாதி மறுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தாராபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக 27 வருஷமாக இருக்கிறேன். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு லீவு. கிரிமினல் கோர்ட் நடக்கிறது என்றாலும் எனக்கு வேலை குறைவு. அதனால்தான் இதை எழுத நேரம்.

முதலில் ஒரு சங்கதி. "இந்தக் கேஸில் நான் ஸ்பெஷலிஸ்ட்" என்று வக்கீல் போர்டு வைக்கக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அப்படித்தான் சொல்கிறது. போர்டு அளவாக இருக்க வேண்டும், இன்ன வகை வேலையில் தேர்ந்தவர் என்று அதில் காட்டக் கூடாது. 2008-இல் இணையதளம் வைத்துக்கொள்ள விதியைத் தளர்த்தினார்கள். அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை என்று அளவோடுதான் போடலாம். எங்கள் ஆபீஸ் போர்டில் வக்கீலய்யா பெயரும் படிப்பும் மட்டும் இருக்கும். பெயின்ட் அடித்து 11 வருஷம் ஆகிறது. கேஸ் வகையெல்லாம் உள்ளே இரும்பு பீரோவில் இருக்கிறது.

மேல் தட்டு முழுக்க செக் கேஸ். அதில் கணக்குத்தான் எல்லாம். செக் திரும்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு பணம் கொடுக்க 15 நாள். அதிலும் கொடுக்கவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இதை ஸ்பெஷலிஸ்ட் எண்ணினாலும் நாங்கள் எண்ணினாலும் அதே நாள்தான்.

மற்ற தட்டுகளை நாளைக்குச் சொல்கிறேன்.

மே 6

கோபியிலிருந்து ஓர் அம்மிணி திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. 30 நாள் எண்ண வேண்டியது செக் திரும்பிய தேதியிலிருந்து இல்லை. திரும்பியது என்ற தகவல் வங்கியிலிருந்து நம் கைக்கு வந்த தேதியிலிருந்து. செக் திரும்பியதற்கு வங்கி தருகிற மெமோவில் ஒரு தேதி அச்சாகியிருக்கும், மெமோ கையில் கிடைத்தது வேறு தேதியாக இருக்கும். நான் எப்போதும் முந்திய தேதியையே எண்ணுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

பல வருஷம் முன்னால், எங்கள் ஆபீஸில், நானே செய்த தப்பு இது. கட்சிக்காரர் வெள்ளகோவில் பக்கம் நூல் யாவாரி. மெமோவை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வந்து கொடுத்தபோது எத்தனை நாள் ஆயிற்று என்று நான் விரலை மடக்கி எண்ணினேன். நடுவில் வந்தது 31 நாள் மாதம் என்பது மறந்துபோயிற்று. தபால் ஆபீஸ் ரசீதைப் பார்த்தபோதுதான் கை குளிர்ந்தது. 31-ஆம் நாள்.

புகாரைத் தாமதமாகப் போட்டால் தக்க காரணம் சொல்லி கோர்ட்டிடம் மன்னிப்புக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த இடம் கிடையாது.

வக்கீலய்யா திட்டவில்லை. செக் தேதியைப் பார்த்தார். 3 மாதம் முடிய இன்னும் 12 நாள் இருந்தது. "மறுபடி பேங்கில் போடச் சொல்" என்றார். போட்டோம், மறுபடி திரும்பியது, புது மெமோ, புதுக் கணக்கு. ஒரே செக்கை இரண்டாவது தடவை போட்டு அதன் மேல் கேஸ் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொன்ன பிறகு இதில் சண்டை இல்லை. அன்றிலிருந்து காலண்டரில் பென்சிலால் கட்டம் போடாமல் நான் எண்ணுவதில்லை.

மே 6, பிறகு

"செக் கேஸில் ஜெயிலில் போடுவார்களா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நடப்பில் பெரும்பாலும் பணத்தில்தான் முடிகிறது. 2018-இல் திருத்தம் வந்த பிறகு, கேஸ் நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்காலமாகக் கொடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்பீல் போகிறவரும் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லப்படலாம். இந்தத் திருத்தத்துக்கு அப்புறம் வாய்தா வாங்கியே ஓட்டுகிறவர்கள் முகத்தில் கொஞ்சம் வெசனம் தெரிகிறது.

மே 9

இரண்டாவது தட்டு பாகப்பிரிவினை. இதை ஒரு நாளில் எழுதி முடிக்க முடியாது.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு என்று பேச்சு எடுத்தாலே எங்கள் பக்கம் முதலில் வருகிற வார்த்தை "சீர் செஞ்சாச்சுங்க". எத்தனை பவுன், எத்தனை பாத்திரம், காதுகுத்துக்கு மாமன் என்ன செய்தான் என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். வக்கீலய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்திரத்தில் எழுதி ரிஜிஸ்தர் பண்ணினீங்களா?" என்பார். ஆபீஸ் அமைதியாகிவிடும்.

சீர் சீர்தான், பங்கு பங்குதான்.

மூன்று தேதிகள் இருக்கின்றன. 1989 மார்ச் 25: தமிழ்நாடு சட்டம் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பிலேயே பங்கு கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9: மத்திய சட்டம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. 2020 ஆகஸ்ட் 11: வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் ரிஜிஸ்தர் பத்திரத்தின் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ பாகம் பிரிந்து முடிந்திருந்தால் அதைத் தொட முடியாது. அதற்கு முன் நடந்த விற்பனையும் அப்படியே.

இதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகன், மகள், மனைவி, அவருடைய தாயார் எல்லோருக்கும் சமம். இது 1956-இலிருந்தே இருக்கிறது. இதைக்கூடத் தெரியாதவர்கள் ஏகப்பட்ட பேர்.

என்னை உறுத்துவது ஒன்று உண்டு. 1998-லிருந்து 2005 வரை, 1989-க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்கள் பூர்வீகத்தில் பங்கு கேட்டு வந்தால், "உங்களுக்கு இல்லீங்க அம்மிணி" என்று நான்தான் வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அன்றைய சட்டப்படி அது ஓரளவு சரி. ஆனால் பூமி பூர்வீகமா, சுயசம்பாத்தியமா என்று பத்திரத்தைப் பார்க்காமல் சொன்னேன். அது தப்பு. மூலனூர் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் ஞாபகத்தில் இருக்கிறார். சேலை முந்தானையில் பத்திர நகலை முடிந்து வைத்திருந்தார். நான் அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லவே இல்லை.

மே 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அண்ணார், "வக்கீல் சொல்ல வேண்டியதைக் குமாஸ்தா ஏன் சொன்னீர்" என்று கேட்கிறார். நியாயந்தான். வக்கீலய்யா அப்போது கோர்ட்டில் இருந்தார். ஆபீஸில் நான் இருந்தேன். சின்ன ஆபீஸ் என்றால் இதுவும் சேர்த்துத்தான். அவிநாசிக்காரருக்கு இதில் ஒரு மார்க் கொடுக்கிறேன்.

மே 13

இன்று மழை, மின்சாரம் இல்லை. தடத்தைப் பற்றி, அதாவது பூமிக்குப் போகிற வழியைப் பற்றி எழுதலாம்.

கோயம்புத்தூர் ஸ்பெஷலிஸ்ட் எத்தனை பேருக்கு இட்டேரி தெரியும்? இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அகலம். பழைய பத்திரத்தில் "ஆள், கால்நடை, வண்டி போக வர உள்ள மாமூல் தட பாத்தியம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு இன்று பூமியின் பாதி விலை. காற்றாலைக்காரரும் சோலார்காரரும் வந்த பிறகு லாரி போகத் தடம் இல்லாத காட்டை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சர்வே புலப்படத்தில் எல்லாத் தடமும் இருக்காது. பட்டா பூமிக்குள் புழக்கத்தில் வந்த தடம் பெரும்பாலும் படத்தில் ஏறியிருக்காது. அப்போது 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். தடையில்லாமல், உரிமையாக, தொடர்ந்து 20 வருஷம் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பூமியாக இருந்தது பாகம் பிரிந்து, வேறு வழியே இல்லாமல் போனது என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே பிராதில் குழப்பி எழுதினால் எதிர்க்கட்சி வக்கீல் அங்கேயே பிடித்துக்கொள்வார். நான் டைப் அடித்த பிராது ஒன்றில் அப்படி ஆகி, திருத்த மனு போட்டுத் தப்பினோம்.

ஒரு கமிஷனர் விசிட்டைச் சொல்கிறேன். கோர்ட் ஒரு வக்கீலை ஆணையராகப் போட்டு இடத்தைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லும். குண்டடம் பக்கம், சித்திரை வெயில். ஆணையர் ஓர் இளம் வக்கீலம்மா. எங்கள் ஆள் "இதுதான் தடம், நேத்து வரைக்கும் டிராக்டர் போச்சு" என்கிறார். எதிராளி "இங்க எந்தக் காலத்துலங்க தடம் இருந்துச்சு, எங்கப்பாரு காலத்து வேலி பாருங்க" என்று கிளுவை வேலியைக் காட்டுகிறார். வேலி பச்சைப் பசேலென்று குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் கூட்டம், இளநீர், சத்தம்.

வக்கீலம்மா பேசவே இல்லை. நடந்து போய் ஒரு கிளுவைக் குச்சியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை, வெட்டின வாய் மட்டும் இருந்தது. அதற்கடுத்ததை இழுத்தார், அதுவும் வந்தது. அப்புறம் குனிந்து மண்ணைப் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சக்கரம் பதிந்து இறுகிய இரண்டு கோடு, வேலி நட்ட இடத்தில் மட்டும் பொலபொலவென்று மண். எதிராளி இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம். கேஸ் அதோடு பாதி முடிந்தது. மீதி பாதிக்கு நாலு வருஷம் ஆயிற்று, அது வேறு கதை.

மே 13, இன்னும்

கிணற்றை விட்டுவிட்டேன். பாகம் பிரியும்போது பூமியை வெட்டிவிடலாம், கிணற்றை வெட்ட முடியாது. அதனால் "கிணற்றில் 4-இல் 1 பங்கும், மோட்டார் பம்புசெட்டு, மின் இணைப்பில் 4-இல் 1 பங்கும்" என்று எழுதுவார்கள். நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். மின் இணைப்பு மட்டும் மூத்தவர் பெயரில் இருக்கும். பங்காளிகளுக்குள் பேச்சு நின்றதும் மூத்தவர் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வார். வாழைக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். இதற்கு இடைக்காலத் தடையுத்தரவு வாங்க வேண்டும், அதுவும் வாழை சாவதற்குள். இதில் சட்ட ஞானத்தைவிட வேகந்தான் முக்கியம்.

எதிராளி ஃபியூஸ் பிடுங்குவதற்கு முன்பே கோர்ட்டில் கேவியட் போட்டு வைப்பதும் உண்டு. தனக்குத் தெரியாமல் நாம் உத்தரவு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அவர் முன்கூட்டியே போடுகிற மனு அது. அதன் ஆயுள் 90 நாள். 91-ஆம் நாள் காலையில் கோர்ட் வாசலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

மே 14

நேற்று வீராப்பாக எழுதிவிட்டேன். தூங்கி எழுந்து ரோசனை பண்ணியதில், நாங்கள் எடுக்காத கேஸையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஈமு கோழி. 2012-இல் பெருந்துறைப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தபோது எங்கள் ஆபீஸ் வாசலில் கூட்டம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள்கூடப் பணம் போட்டிருந்தார்கள். அதெல்லாம் 1997-ஆம் வருஷத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், கோவையில் இருக்கிற தனி நீதிமன்றத்துக்குப் போகிற கேஸ். புகார் எழுத உதவி செய்தோம், அதோடு கோவைக்கு அனுப்பிவிட்டோம். அது சரியான முடிவு.

ஹைகோர்ட் ரிட் என்றால் சென்னை வக்கீலுக்குக் கேஸ் கட்டை அனுப்புவோம். இதில் ஒரு வேடிக்கை. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கரூருக்கு மதுரைக் கிளை, எங்களுக்குச் சென்னை. அரவக்குறிச்சியில் பெண் கட்டிய ஒருவருக்கு ஒரு கேஸ் சென்னையில், மாமனார் கேஸ் மதுரையில். பஸ் டிக்கெட்டுக்கே ஒரு ஃபைல் வைத்திருந்தார்.

பெரியவர்கள் சொத்தை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டுச் சோற்றுக்குக் கஷ்டப்படுகிற கேஸ் அதிகமாகிறது. அதற்கு 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு. கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய 23-ஆம் பிரிவில் வழி உண்டு. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அங்கே வக்கீல் ஆஜராகக் கூடாது என்கிறது. அந்த மனுக்களை எழுதிக் கொடுப்பது நான். இதற்கு நாங்கள் ஃபீஸ் வாங்குவதில்லை. பெரியவர்கள் விடுவதில்லை, எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். போன மாதம் ஒருவர் சின்ன வெங்காயம் அரை மூட்டை.

(சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தால் பழைய ஃபீஸ் பாக்கியும் வந்து சேரும். எங்கள் ஆபீஸ் வரவைச் சொல்ல ஜோசியர் வேண்டாம், மண்டி விலை போதும்.)

மே 18

ஆக்சிடென்ட் கேஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். கணக்கைக் காட்டுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

தறி ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 34, மாதம் 15,000 ரூபாய் வருமானம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார். லாரி மோதி இறந்துவிட்டார். 40 வயதுக்குக் கீழே, சொந்தத் தொழில் அல்லது நிலையான சம்பளம் என்றால் எதிர்கால வருமானமாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,68,000. வயது 31 முதல் 35 வரை என்றால் 16-ஆல் பெருக்க வேண்டும். அது 2009-இல் சரளா வர்மா வழக்கில் வந்த பட்டியல். 26,88,000 ரூபாய். இது போக ஈமச்சடங்குச் செலவு, குடும்பத்தாரின் இழப்பு என்று சில தொகைகள் தனி.

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். முன்பு கெடு இல்லாமல் இருந்ததால் காரியம், கருமாதி எல்லாம் முடித்து வருஷம் கழித்து வருவார்கள். இப்போதும் அதே நினைப்பில் வருகிறார்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே "நாங்க பாத்துக்கறோம், வர்றதுல இத்தனை சதவீதம்" என்று ஒருவர் நிற்பார். கிடைக்கிற பணத்தில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. எங்கள் ஆபீஸுக்கு ஆக்சிடென்ட் கேஸ் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மே 19

மாட்டிக்கொண்டேன். நேற்றைய கணக்கு தப்பு.

நம்பி இருப்பவர்கள் 2 அல்லது 3 பேர் என்றால்தான் மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். 4 முதல் 6 பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. நான் எழுதிய குடும்பத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று 4 பேர். ஆகவே 2,52,000-இல் நான்கில் ஒன்று போக 1,89,000. அதை 16-ஆல் பெருக்கினால் 30,24,000. தாயாரை எண்ணாமல் விட்டதில் 3,36,000 ரூபாய் போச்சு.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? எங்கள் வக்கீலய்யா. நான் இங்கே எழுதுவது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். காலையில் போன் வந்தது. "அந்தம்மாவ ஏன்யா விட்டுட்ட?" என்றார். அவ்வளவுதான்.

அவிநாசிக்காரர் இதற்கு ஒரு சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். போடட்டும்.

மே 24

குடும்பக் கேஸ் பற்றி அதிகம் எழுத மாட்டேன். இரண்டு பேரும் சம்மதித்தால் ஒரு வருஷம் பிரிந்து இருந்த பிறகு மனு, அப்புறம் 6 மாதம் காத்திருப்பு. அந்த 6 மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. ஜீவனாம்சத்துக்குப் பழைய 125-ஆம் பிரிவு போய், 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 144. டைப் அடிக்கும்போது கை இன்னும் 125-க்கே போகிறது.

எங்கள் பக்கம் பெண்கள் தனியாக வருவதில்லை. அண்ணனோ சித்தப்பாவோ கூட வந்து, அவர்களே பேசுவார்கள். வக்கீலய்யா அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசுவார். அண்ணன் சொன்ன கேஸும் அந்தப் பெண் சொல்கிற கேஸும் பல தடவை வேறு வேறாக இருக்கும்.

பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மே 25

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்காரர் ஒருவர் தனியே எழுதிக் கேட்டார், பில் பணம் வரவில்லை என்று. சிறு, குறுந்தொழில் பதிவு இருந்தால் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. வைத்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2006-ஆம் வருஷத்துச் சட்டம். இதற்கென்று கவுன்சில் இருக்கிறது, நேரே மனு போடலாம். நாங்கள் இந்த வகைக் கேஸையும் பத்து வருஷமாகச் சாதாரண பாக்கி வசூல் தாவாவாகவே போட்டுக்கொண்டிருந்தோம். தெரியாமல்தான். இங்கே அவிநாசிக்காரருக்கு இரண்டாவது மார்க்.

மே 28

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன்.

கடன் கொடுக்கிறவர் புரோநோட்டு வாங்குவார், வெற்றுச் செக் வாங்குவார். பெரிய தொகை என்றால் கிரைய அக்ரிமெண்ட் வாங்குவார். அதாவது வாங்கியது கடன், பத்திரம் சொல்வது "என் பூமியை இன்ன விலைக்கு உங்களுக்கு விற்க ஒப்புக்கொண்டு இவ்வளவு அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று. வட்டி நிற்கிற வரை அது பெட்டியில் தூங்கும். வட்டி நின்றால், கெடு முடிந்து 3 வருஷத்துக்குள் "பூமியை எழுதிக்கொடு" என்று கோர்ட்டில் தாவா விழும். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அந்த அக்ரிமெண்டை ரிஜிஸ்தர் பண்ண வேண்டும் என்று வந்துவிட்டது. அதற்கு முன் இருபது ரூபாய் ஸ்டாம்புத் தாளில் நாலு ஏக்கர் போகும்.

எங்கள் அய்யன் 1996-இல் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டார். கிணறு ஆழப்படுத்த வாங்கிய கடன். வட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், ரசீது இல்லாமல். சம்மன் வந்தது. அமீனாவிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்து, ராகி மொடாவுக்குள் வைத்துவிட்டார். "வட்டிதான் கட்டறமே, அப்புறம் என்ன" என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போகாததால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. ராகி தீர்ந்துபோன அன்றைக்குத்தான் அம்மா கையில் அந்தக் காகிதம் அகப்பட்டது.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கெடு 30 நாள். எங்களுக்கு 200 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தாராபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். தாமதத்தை மன்னிக்க மனு போட்டு, செலவுத் தொகை கட்டி, கேஸை மறுபடி உயிர்ப்பித்தார். கடைசியில் சமரசம். ஒரு ஏக்கரை விற்று மூன்று ஏக்கரை மீட்டோம். ஃபீஸ் கொடுக்கக் காசில்லை. "பையன் கையெழுத்து நல்லா இருக்குதே, அனுப்புங்க" என்றார் அவர். 1998 ஆடி மாதம் போனவன்தான்.

அதனால் யாராவது சம்மனை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்றால், நான் முதலில் கேட்பது: "மொடாவுல பாத்தீங்களா?" ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு தடவை அங்கேயே கிடைத்தும் இருக்கிறது.

ஜூன் 2

கோர்ட் திறந்தாச்சு. இன்று மட்டும் ஏழு வாய்தா. நாளைக்கு.

ஜூன் 8

அவிநாசிக்காரர் ஒரு மாதம் கழித்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு 1984-இல் கல்யாணம். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1996-இல் காலமானார், உயில் இல்லை. குண்டடம் பக்கம் 6 ஏக்கர். மாமா இப்போது அதை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குச் சமாதானமாக ஒரு செக் கொடுத்திருக்கிறார், அது திரும்பிவிட்டது. ரோட்டை ஒட்டின பாகத்தை விற்றுவிட்டால் பின்னால் இருக்கும் பூமிக்குத் தடம் இருக்காது.

ஏனுங்க, ஒரே வீட்டில் செக், பாகம், தடம் மூன்றும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட் தேடினால் மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். செக் கேஸில் கொடுக்கிற வாக்குமூலத்தில் "பங்குக்கு முழுசாக வாங்கின பணம்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் பாகக் கேஸ் போச்சு. இரண்டு கட்டையும் ஒரே ஆள் படிக்க வேண்டும்.

அப்புறம், பூமித் தாவா பூமி இருக்கிற எல்லையில்தான் போட வேண்டும். குண்டடம் தாராபுரம் தாலுகா. நீங்கள் கோயம்புத்தூரில் யாரை வைத்தாலும் அவர் தாராபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். எங்கள் ஆபீஸுக்கு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். கேஸ் பிடிப்பது விதி 36-க்கு ஆகாது, வக்கீலய்யா வேறு இதைப் படிக்கிறார்.

யாரிடம் போனாலும் சரி, இதையெல்லாம் எடுத்து வையுங்கள். அப்புச்சி அந்தப் பூமியை வாங்கினாரா, அவருடைய அப்பாரு வழியாக வந்ததா என்று காட்டுகிற மூலப்பத்திரத்தின் நகல். 1975-லிருந்து வில்லங்கச் சான்று. அந்தத் தாலுகா முதலில் கோவை மாவட்டம், 1979-இல் ஈரோட்டுக்குப் போனது, 2009-இல் திருப்பூருக்கு வந்தது. அதனால் பழைய கோர்ட் நகல் வேண்டுமென்றால் மூன்று ஊரில் தேட வேண்டியிருக்கும். அப்புச்சியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. 2004 டிசம்பருக்கு முன்னால் ரிஜிஸ்தர் ஆன பாகப்பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தால் கேஸின் போக்கே வேறு.

செக் மெமோ எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று எழுதவில்லையே. அதை முதலில் பாருங்கள், இன்றைக்கே. காலண்டரில் எண்ணுங்கள், விரலில் வேண்டாம்.

ஒரிஜினல் எதையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், ஜெராக்ஸ் போதும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வக்கீல் உங்களை டீ குடிக்க அனுப்பினால் கோபித்துக்கொள்ளாமல் போய்விட்டு வாருங்கள்.